விருப்பு யாருடையது?
‘ரெம்ற்’, ‘என்ரைஸ்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் பொருள்வேறுபாடு பற்றிய சில குறிப்புகள்

1

ஒரு மொழியிலே முற்றிலும் ஒரே பொருளைத் தரும் இரு சொற்கள் நெடுங்காலம் அருகருகே நின்று நிலவுதல் அரிது. ஒன்று வழக்கொழிந்து போகும். அன்றேல் இரண்டும் பொருளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். இவ்வாறு பங்கிடப்பட்ட பொருளின் எல்லைக்கோடு அகராதியிலே தெளிவாகத் தெரிவதில்லை. சொல்லைப் பயன்படுத்துவோர் யார், யாரைக் குறித்துப் பயன்படுத்துகின்றனர், எத்தகைய சமூக உறவு அப்பயன்பாட்டுக்குப் பின்னணியாக அமைகின்றது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அக்கோடு புலனாகத் தொடங்குகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்கு வாய்ப்பான இரு சொற்களை ஈண்டு ஆராய முனைகின்றோம். ‘ரெம்ற்’ என்பது ஒன்று; ‘என்ரைஸ்’ என்பது மற்றொன்று.

ஆங்கிலத்தைத் தமிழ்வழியாகப் பயிலும் மாணவர் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விளக்கத்தையே பெறுகின்றனர். ஆசைகாட்டு, மயக்கு, கவர்ந்திழு, வசப்படுத்து முதலான சொற்கள் இரண்டின் எதிரிலும் எழுதப்படுகின்றன. ஆங்கிலேயரின் அகராதிகளும் ஒன்றை விளக்க மற்றொன்றையே துணைக்கழைக்கின்றன. 1816இல் ஜோர்ஜ் கிராப் வெளியிட்ட ஆங்கில ஒருபொருட் சொல் விளக்கநூல் இவ்விரண்டையும் இவற்றோடு உறவுடைய வேறு மூன்று சொற்களையும் ஒரே பதிவின்கீழ்ச் சேர்த்து ஆராய்ந்தது. ஒருவனைக் கவர்வது பொருளின் தோற்றமா, பிறர் பேச்சா, வஞ்சகச் செயலா என்பதையே கிராப் பெரிதும் அளவுகோலாகக் கொண்டார். அதாவது, கவரும் கருவியை நோக்கினாரேயன்றிக் கவரப்படும் மனிதனை நோக்கினாரல்லர்.

நாம் அம்மனிதனிடமிருந்து தொடங்க விரும்புகின்றோம். ‘ரெம்ற்’ என்னும் சொல் தனக்கு ஆளானவனிடத்து ஒரு மனச்சான்று உண்டென்றும், அவன் சீர்தூக்கி முடிவுசெய்ய வல்லவன் என்றும் எடுத்துக்கொள்கின்றது. ‘என்ரைஸ்’ என்னும் சொல்லோ அவன் ஓரிடத்துக்கு, அல்லது ஒருவருக்கு உரியவன் என்றும், அங்கிருந்து வேறொருவரால் அகற்றப்படுகின்றான் என்றும் எடுத்துக்கொள்ளும் சார்புடையது. முன்னதிலே விருப்பு ஆளானவனிடம் உள்ளது; பின்னதிலே அது இழுப்பவனிடம் சென்றுவிடுகின்றது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு மட்டும் நின்றுவிடுவதன்று. சட்டத்திலும் இலக்கியத்திலும் மனிதர் எவ்வாறு மதிக்கப்பட்டனர் என்பதனையும் அது காட்டுவதாகும்.

2

சொற்பிறப்பு பொருளை முடிவுசெய்வதில்லை; எனினும் ஒரு சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை அறிதல் பயனுடையது. ‘ரெம்ற்’ இலத்தீன் மூலமுடையது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. தொட்டுப்பார்த்தல், முயன்றுபார்த்தல், சோதித்தல் என்பனவே மூலச்சொல்லின் பொருள்கள். முயற்சியைக் குறிக்கும் ‘அற்றெம்ற்’ என்னும் ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. எனவே ‘ரெம்ற்’ தொடக்கத்திலே ஆசைகாட்டுதலைக் குறிக்கவில்லை; பரீட்சித்தலையே குறித்தது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்திலே ஆபிரகாமைக் கடவுள் சோதித்தமை இச்சொல்லாலேயே சொல்லப்படுகின்றது. மகனைப் பலியிடும்படி கேட்பதிலே ஆசைகாட்டுதல் எதுவுமில்லை என்பது வெளிப்படை. பிற்காலத்தில் ஆசையூட்டுதல் என்னும் பொருள் மேலோங்கவே, 1885ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அவ்விடத்தில் மெய்ப்பித்தற் பொருளுடைய வேறு சொல்லை இட்டது. 1952ஆம் ஆண்டுப் பதிப்பு சோதித்தலை நேராகக் குறிக்கும் சொல்லை இட்டது. கடவுள் மனிதனுக்கு ஆசைகாட்டினார் என்று வாசகர் கொள்ளக்கூடும் என்னும் அச்சமே இம்மாற்றங்களுக்குக் காரணமாகலாம். ஆயினும் பழம்பொருள் முற்றாக மறையவில்லை. விதியோடு விளையாடுதல் என்னும் பொருளில் ஆங்கிலேயர் இன்றும் ‘ரெம்ற்’ என்னும் சொல்லை வழங்குவர். அவ்விடத்திலே ‘என்ரைஸ்’ பொருந்தாது.

‘என்ரைஸ்’ என்பதும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததே. எரிகொள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றிலிருந்து அது பிறந்திருக்கக்கூடும் என்பது அறிஞர் பெரும்பாலார் கருத்து. தீயைக் கிளறுதல், கொள்ளியை ஏற்றுதல் என்பன அதன் தொடக்கப்பொருள்கள் எனலாம். தமிழிலே ‘தூண்டு’ என்னும் சொல் விளக்குத் திரியை முன்தள்ளுதற்கும் மனிதரை ஒரு செயலில் ஏவுதற்கும் வழங்குவதை இதனோடு ஒப்புநோக்கலாம். இரு மொழிகளும் தனித்தனியே ஒத்த உருவகத்தை அடைந்துள்ளன. திரியைத் தூண்டுவோன் திரியின் இசைவைக் கேட்பதில்லை. பரீட்சையில் ஒருவன் வெல்லலாம், தோற்கலாம். கொள்ளியோ பற்றவைப்பவன் கைப்பொருள். இரு சொற்களும் பின்னர்ப் பெற்ற வாழ்வுக்கு இவ்வேறுபாடு ஒரு முன்னறிகுறியாய் அமைந்தது எனலாமேயன்றி, அதுவே காரணம் எனக் கூறுதல் மிகையாகும்.

3

வரலாற்றினும் இன்றைய வழக்கே வலுவான சான்று. முதலாவதாக, ஆங்கிலேயர் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசுமிடத்து ‘ரெம்ற்’ என்பதை இயல்பாக வழங்குவர். இன்னவாறு முடிவுகட்டலாம் என எமக்குத் தோன்றுகின்றது, ஆயினும் தயங்குகின்றோம் என்னும் கருத்தினை ஆராய்ச்சியாளர் இச்சொல்லாலேயே உணர்த்துவர். அவ்விடத்திலே ‘என்ரைஸ்’ வருமாயின் வாக்கியம் இடறும். ‘என்ரைஸ்’ பெரும்பாலும் பிறரைப் பற்றிய சொல். குழந்தை, வேலையாள், மனைவி, வாடிக்கையாளர், பறவை, விலங்கு ஆகியோரையும் ஆகியவற்றையும் பற்றி அது பேசும். தன்னைப் பற்றிக் கூறுவோன் தன் விருப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றான். பிறரைப் பற்றிக் கூறும்போதே அதனைப் பறித்துவிடுகின்றான்.

இரண்டாவதாக, இரு சொற்களையும் தொடர்ந்துவரும் உறுப்புகள் வேறுபடுகின்றன. ‘ரெம்ற்’ என்பதன்பின் ஒரு செயல் வருதல் இயல்பு. உண்ண, சொல்ல, விட்டுவிட என்றாற்போல. ‘என்ரைஸ்’ என்பதன்பின்னும் செயல் வரலாமாயினும், அதன் தனியியல்பு இடப்பெயர்ச்சியைக் காட்டும் உறுப்புகளை ஏற்பதாகும். வீட்டிலிருந்து, பணியிலிருந்து, கடைக்குள், பொறிக்குள் என அது மனிதரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துகின்றது. ஒன்று மனத்துள் நிகழ்வது. மற்றையது வெளியில் நிகழ்வது.

மூன்றாவதாக, ‘ரெம்ற்’ செய்வதற்கு ஆள் வேண்டியதில்லை. மேசைமேற் கிடக்கும் பணம் யாதொரு நோக்கமுமின்றி ஒருவனைச் சபலத்துக்கு உள்ளாக்கலாம். ‘என்ரைஸ்’ என்பதிலோ பொருளே எழுவாயாக நின்றாலும் அதனை அவ்விடத்தில் வைத்த ஒருவனை நாம் உணர்கின்றோம். கடைவாயிலில் மணக்கும் உணவு வழிப்போக்கரை உள்ளிழுக்கின்றது எனும்போது கடைக்காரன் நம் நினைவில் நிற்கின்றான்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ‘ரெம்ற்’ தோல்வியுறக்கூடிய முயற்சியையும் ‘என்ரைஸ்’ வெற்றிபெற்ற முயற்சியையும் குறிக்கும் எனச் சிலர் எளிமையாகக் கூறுவர். இது முழு உண்மையன்று. 1611ஆம் ஆண்டு விவிலியத்தின் நீதிமொழிகள் நூலிலே, பாவிகள் நயங்காட்டினும் உடன்படலாகாது என்று தந்தை மகனுக்கு அறிவுரை கூறுமிடத்தில் ‘என்ரைஸ்’ என்னும் சொல்லே வருகின்றது. ஆகவே அதற்கு உடன்படாது நிற்றலும் கூடும். எனினும் அங்குப் பேசுபவன் தந்தை என்பதும், மகன் தந்தையின் காவலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அபாயமே அங்குப் பேசப்படுகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. வெற்றி தோல்வி அன்று, காவல் என்பதே இச்சொல்லின் நிழல்.

இரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் எதிர்ப்படும் இடமும் உண்டு. யாக்கோபின் நிருபத்தின் முதலதிகாரத்திலே, ஒவ்வொருவரும் தம் சொந்த இச்சையால் ஈர்க்கப்பட்டுச் சோதனைக்குள்ளாவதைக் கூறும் பகுதியில், 1611ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டையும் வழங்குகின்றது. மூலமாகிய கிரேக்கத்தில் இரண்டாவதன் இடத்திலே தூண்டிலிரையை அடியாகக் கொண்ட வினைச்சொல் உள்ளது. தமிழ்க் கிறித்தவரிடையே பெருவழக்கிலுள்ள மொழிபெயர்ப்பு முன்னதற்குச் ‘சோதி’ என்பதனையும் பின்னதற்குச் ‘சிக்குண்டு’ என்பதனையும் ஆண்டுள்ளது. நமது அகராதிகள் ஒன்றாக்கிவிட்ட இரண்டையும் அம்மொழிபெயர்ப்பாளர் வேறுபடுத்தியமை பாராட்டுக்குரியது. ஒன்று பரீட்சை, மற்றையது கண்ணி.

4

ஆங்கில இலக்கியத்திலே ‘ரெம்ற்’ என்னும் கருத்தின் முழு வளர்ச்சியையும் யோன் மில்ரனிடம் காண்கின்றோம். சோதிக்கப்படாது ஒதுங்கிநிற்கும் ஒழுக்கத்தை மதிக்க முடியாது என்னும் கொள்கையை மில்ரன் 1644இல் அச்சுத் தணிக்கையை எதிர்த்தெழுதிய உரைநடை நூலிலேயே வற்புறுத்தியிருந்தார். 1667இல் வெளிவந்த ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் ஒன்பதாம் பகுதியிலே ஏவாள் தனித்துச் சென்று பணியாற்ற விரும்புகின்றாள். ஆதாம் தடுக்கின்றான். அவள் தன் நிலைப்பாட்டுக்கு நியாயங்காட்டி வாதாடுகின்றாள். பின்னர்ப் பாம்பின் நயவுரையைக் கேட்டபோதும் உடனே கனியைப் பறித்தாளல்லள். தன்னுள் நீண்டதொரு விவாதத்தை நடத்தி, அதன் முடிவிலேயே உண்கின்றாள். அவ்விவாதம் பிழைபட்டது, ஆயினும் விவாதம் நிகழ்ந்தது என்பதே மில்ரனுக்கு இன்றியமையாதது. ஏவாள் வெறும் இரையாயிருந்தால் அவளுக்குக் குற்றமுமில்லை, பெருமையுமில்லை. 1671இல் வெளிவந்த ‘மீண்ட சொர்க்கம்’ இயேசு சோதனைகள் ஒவ்வொன்றையும் மறுத்துநிற்பதையே பொருளாகக் கொண்டது. நாயகன் ஓரடியும் நகராத அக்காவியத்தை ‘ரெம்ற்’ என்னும் சொல் தாங்கும், ‘என்ரைஸ்’ தாங்காது.

மில்ரனின் இக்கோட்பாடு வானத்திலிருந்து இறங்கியதன்று. தனிமனிதன் தன் மனச்சான்றுக்குத் தானே பொறுப்பாளி என்னும் புரட்டஸ்தாந்தக் கருத்துநிலை, நிலமானியப் பிணைப்புகள் தளர்ந்து புதிய நடுத்தர வர்க்கம் தலையெடுத்த சூழலில் வலுப்பெற்றது. மில்ரனின் ஏவாளும் அக்காலத்தின் குழந்தையே. ஆயின் அதே சமூகத்தில் மனச்சான்று அனைவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்ததா என்று நாம் வினவுதல் வேண்டும்.

மில்ரனுக்கு இரு தலைமுறை முந்திய சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகம் இவ்வினாவுக்கு ஒரு விடையைத் தருகின்றது. 1604இல் அரசவையில் நடிக்கப்பட்ட அந்நாடகத்தின் முதலங்கத்திலே, தன் மகள் தெஸ்திமோனா தன்னறிவின்றி ஒதெல்லோவை மணந்ததை அறிந்த பிரபான்சியோ வெனிசு நகரத் தலைவர் முன்னிலையிலே முறையிடுகின்றான். தன் மகள் களவாடப்பட்டாள், மந்திரத்தாலும் மருந்தாலும் கெடுக்கப்பட்டாள் என்பதே அவன் குற்றச்சாட்டு. அவள் விரும்பியிருக்கலாம் என்னும் எண்ணம் அவனுக்குத் தோன்றவேயில்லை. கறுப்பினத்தான் ஒருவனை அவள் விரும்புதல் இயற்கைக்கே மாறானது என அவன் நம்புகின்றான். ஒதெல்லோ தான் வாழ்ந்த கதையைச் சொன்னதையும், குறிப்பை முதலிற் காட்டியவள் அவளே என்பதையும் எடுத்துரைக்கின்றான். இறுதியாகத் தெஸ்திமோனாவே அழைக்கப்படுகின்றாள். தந்தைக்கும் கணவனுக்குமிடையே தன் கடமை பிரிந்துநிற்பதை எடுத்துரைத்து, தன் தெரிவைத் தெளிவாக அறிவிக்கின்றாள். வழக்கு அத்தோடு வீழ்கின்றது.

பிரபான்சியோ ‘என்ரைஸ்’ என்னும் சொல்லை அங்கு உச்சரித்தானா என்பதன்று நம் வினா. அவனுடைய குற்றச்சாட்டின் இலக்கணம் அச்சொல்லின் இலக்கணமே. உரியவரிடமிருந்து ஒரு பொருள் நயத்தாலும் வஞ்சத்தாலும் அகற்றப்பட்டது. ஆகவே உரியவருக்கு நட்டம். சாட்சிக் கூண்டிலே அப்பொருள் வாய்திறந்து பேசியதும் இவ்விலக்கணம் உடைந்துவிடுகின்றது. நாடகத்திலே உடைந்த இவ்விலக்கணம் ஆங்கிலேயச் சட்டத்திலே மேலும் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

5

1348இலும் 1349இலும் கொள்ளைநோயினால் இங்கிலாந்தின் மக்கள்தொகையிற் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய உழைப்பாளரின் கூலி உயரத் தொடங்கியது. நிலவுடைமையாளரைக் காக்க 1349இல் கட்டளையொன்றும் 1351இல் சட்டமொன்றும் பிறந்தன. கூலிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தவணை முடியுமுன் பணியை விட்டு விலகுவதும், விலகியவரை வேறொருவர் வேலைக்கு வைத்திருப்பதும் குற்றமாயின. பிறனுடைய வேலையாளை நயங்காட்டி இழுத்தமைக்காக இழந்த எசமானன் வழக்குத் தொடுக்கும் உரிமை இச்சூழலிலேயே வேரூன்றியது. ‘என்ரைஸ்’ என்பது இவ்வாறு ஒரு சட்டச்சொல்லாயிற்று.

வேலையாளுக்கு ஏற்பட்ட இவ்வுரிமை மனைவிக்கும் பிள்ளைக்கும் விரிந்தது. மனைவியைத் தன்னிடமிருந்து பிரிந்திருக்கத் தூண்டியவன்மீது கணவன் நட்டஈடு கோரலாம் என 1745இல் வின்ஸ்மோர் எதிர் கிறீன்பாங்க் வழக்கில் ஏற்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலேயச் சட்டத்தைத் தொகுத்துரைத்த பிளாக்ஸ்ரன் இதன் அடிப்படையை மறைக்கவில்லை. மேலோனுக்குக் கீழோனுடைய துணையிலும் உழைப்பிலும் ஒருவகைச் சொத்துரிமை உண்டு. கீழோனுக்கு மேலோனிடம் அத்தகைய உரிமை இல்லை என்பதே அவர் தந்த விளக்கம். சொல்லின் பொருளை எந்த அகராதியும் இவ்வளவு வெளிப்படையாகக் கூறவில்லை.

முதலாளித்துவம் வளர்ந்த பின்னரும் இக்கருத்து புதிய வடிவில் உயிர்வாழ்ந்தது. இலண்டன் நாடக அரங்கொன்றின் முகாமையாளரான லம்லியிடம் பாட ஒப்பந்தஞ் செய்திருந்த யோகன்னா வாக்னர் என்னும் பாடகியைப் போட்டி அரங்கின் முகாமையாளர் ஜை கூடுதற் பணங்கொடுத்துத் தம்பக்கம் ஈர்த்தார். 1853இல் லம்லி எதிர் ஜை வழக்கிலே, இவ்வாறு ஈர்த்தவர்மீது வழக்குத் தொடுக்க இடமுண்டு என நீதிபதிகளிற் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். வேலைக்காரரைக் குறித்துத் தோன்றிய விதி புகழ்பெற்ற கலைஞருக்கும் பொருந்தலாயிற்று. மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி கோல்றிட்ச், இவ்விதி மேற்கூறிய உழைப்பாளர் சட்டத்திலிருந்து பிறந்ததென்றும், ஆகவே அதனை அந்த எல்லைக்கு அப்பால் விரித்தலாகாதென்றும் வாதிட்டமை குறிப்பிடத்தக்கது. நல்ல ஊதியத்தை நாடிச் செல்லுதல் எல்லா முதலாளிகளுக்கும் வணிக நியாயம்; உழைப்பாளி அதனைச் செய்யும்போது மட்டும் அவள் எவராலோ இழுக்கப்பட்டவளாகின்றாள். மனைவியரையும் பிள்ளைகளையும் குறித்த இவ்வழக்குரிமைகள் இங்கிலாந்திலே 1970இல் இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டன.

இச்சொல்லுக்கு நம் நாட்டுடனும் தொடர்புண்டு. பெருந்தோட்டங்களிலே ஒரு தோட்டத்துத் தொழிலாளரை மற்றொரு தோட்டத்தார் முற்பணங்கொடுத்து ஈர்ப்பதைத் துரைமார் பெருங்குற்றமாகக் கண்டித்தனர். அதனைக் குறிக்கத் தனிச்சொல்லும் வைத்திருந்தனர். கடனைத் தீர்த்தாற் தொழிலாளரை விடுவிப்பதாக எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டின்றி அவர்கள் தோட்டம் மாற இயலாதிருந்தது. 1921இலேயே துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயின் கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று முற்பணமும் நயவுரையும் காட்டி அதே மக்களைக் கடல்கடத்தி அழைத்து வந்தபோது அச்செயலுக்கு ஆட்சேர்ப்பு என்று பெயர். செயல் ஒன்றே. எசமானனுக்கு நட்டம் வரும்போது மட்டும் பெயர் மாறுகின்றது.

6

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையும் அதனைப் பின்பற்றி 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும், பராயமடையாதோரைச் சட்டபூர்வமான பாதுகாவலரிடமிருந்து கொண்டுசெல்வதையோ ‘என்ரைஸ்’ செய்வதையோ குற்றமாக வகுத்தன. சிறுவர் விடயத்தில் இவ்விதி அவசியமானது என்பதில் எமக்கு ஐயமில்லை. இனிப்பும் பரிசும் காட்டிக் குழந்தையைக் கவர்பவன் உண்மையிலேயே அதன் அறியாமையைப் பயன்படுத்துகின்றான். அங்குச் சொல்லும் செயலும் பொருந்துகின்றன. இந்தியக் கோவையின் 498ஆம் பிரிவோ வளர்ந்த பெண்ணையும் அதே சொல்லுக்குள் அடக்கியது. பிறன் மனைவியைத் தகாத உறவு நோக்கத்தோடு கணவனிடமிருந்து நயங்காட்டிக் கொண்டுசெல்லுதல் அப்பிரிவின்படி குற்றம். 2024 யூலை முதலாந் திகதி அக்கோவை நீங்கிப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் அப்பிரிவு 84ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. இங்கிலாந்து 1970இலேயே கைவிட்ட கருத்து குடியேற்ற ஆட்சியின் எச்சமாக இன்னும் உயிரோடிருக்கின்றது.

இச்சொல்லின் வரம்பை மிக நுட்பமாக ஆராய்ந்த தீர்ப்பொன்று சென்னையிலிருந்து எழுந்த வழக்கிலேயே கிடைத்தது. 18 வயதை அண்மித்திருந்த கல்லூரி மாணவியொருவர் தாமே தொலைபேசியில் அழைத்து, தாம் விரும்பியவரைச் சந்தித்து, அவரோடு சென்று திருமணத்தைப் பதிவுசெய்தார். கீழ்நீதிமன்றங்கள் அவ்விளைஞரைத் தண்டித்தன. 1964இல் வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் என்னும் அவ்வழக்கின் மேன்முறையீட்டில் இந்திய உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவரைக் கொண்டுசெல்வதும், தாமாக வருபவரை உடன்வர விடுவதும் வேறுவேறு. தம் செயலின் விளைவை அறியும் ஆற்றலுடையவர் தாமாகவே வந்தவிடத்து, அவருடைய எண்ணத்தை உருவாக்குவதிலே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பங்கிருந்தமை காட்டப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தெஸ்திமோனாவுக்கு வெனிசு சபையிற் கிடைத்த செவி அம்மாணவிக்கு மேன்முறையீட்டிலேதான் கிடைத்தது.

எனினும் தமிழகச் செய்தித்தாள்களிலே ‘ஆசைவார்த்தை கூறி அழைத்துச் சென்றார்’ என்னும் தொடர் ஓய்ந்தபாடில்லை. பராயமடைந்த பெண் சாதியெல்லை கடந்து மணஞ்செய்யும்போதும் பல சமயங்களில் அதே தொடர் வருகின்றது. அத்தொடரிலே அவள் பேசுவதில்லை. அவளுக்காக அவளுடைய வீட்டார் பேசுகின்றனர். சொல் இவ்வாறு முடிவுசெய்துவிட்ட பின்னர், அவளை ‘மீட்பதற்கு’ மேற்கொள்ளப்படும் கொடுமைகளும் நியாயத்தின் சாயலைப் பெற்றுவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளரும் பத்திரிகையாளரும் இச்சொல்லைக் கையாளும்போது கொள்ளவேண்டிய பொறுப்பு இதனாற் புலனாகும்.

7

அவ்வாறாயின் ‘என்ரைஸ்’ அடிமைச்சொல், ‘ரெம்ற்’ விடுதலைச்சொல் என்று முடிவுகட்டலாமா? அம்முடிவு நம்மைக் கவர்கின்றதெனினும் நாம் அதனை ஏற்பதற்கில்லை. ‘ரெம்ற்’ என்னும் சொல்லும் ஒரு பெரிய உண்மையை மறைக்க வல்லது. தோமஸ் ஹார்டி 1891இல் வெளியிட்ட ‘ரெஸ்’ நாவல் இதற்குத் தக்க சான்று.

வண்டிக்குதிரை விபத்தில் இறந்துபடக் குடும்பத்தின் பிழைப்பு நின்றுபோகின்றது. அதற்குத் தானே காரணம் என வருந்தும் ரெஸ், தாயின் வற்புறுத்தலால் செல்வந்தனான அலெக்கின் வீட்டில் கோழி வளர்க்கும் வேலைக்குச் செல்கின்றாள். அங்கே அவள் கெடுக்கப்படுகின்றாள். பின்னர் தந்தை இறக்க, வீட்டின் குத்தகையும் முடிந்து, தாயும் உடன்பிறந்தோரும் தெருவில் நிற்கும் நிலையிலே அதே அலெக்கிடம் மீள்கின்றாள். அவளுக்கு நேர்ந்தது வன்முறையா, மயக்குதலா என்பது பற்றித் திறனாய்வாளர் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். ரெஸ் சபலத்துக்கு உள்ளாகி வீழ்ந்தாள் என்போர் அவளுக்கில்லாத ஒரு விருப்பை அவள்மேல் ஏற்றுகின்றனர். அவள் ஆசைகாட்டி இழுக்கப்பட்டாள் என்போர் அலெக்கின் பேச்சை மட்டுங் காண்கின்றனர். குதிரையையும் குத்தகையையும் காண்பதில்லை. நாவலின் நிகழ்ச்சிகளோ இரு சொற்களுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவதொன்றைச் சுட்டுகின்றன. அது தேவை. பசித்தவனுக்குச் சோறு காட்டுதல் அவன் மனச்சான்றைச் சோதிப்பதுமன்று, அவனை நயந்து இழுப்பதுமன்று, அது நிர்ப்பந்தம்.

இன்றைய விளம்பர மொழி இந்நிர்ப்பந்தத்தை மேலும் மூடுகின்றது. இரு சொற்களும் அங்குப் பண்டங்களைப் புகழும் அடைமொழிகளாகத் தேய்ந்துவிட்டன. மில்ரன் மனிதனின் பெருமைக்கு உரைகல்லாகக் கருதிய சோதனை, இன்று இனிப்புப் பண்டத்தின் சுவையைக் கூட்டும் சிறு குற்றவுணர்வாகச் சுருங்கியுள்ளது. பழைய வேறுபாட்டின் நிழல் அங்கும் ஓரளவு உண்டு. முன்னதிலே வேண்டாமென்று தடுக்கும் ஓர் உட்குரல் மெல்லக் கேட்கும், பின்னதில் அதுவுமில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, இவ்விரு சொற்களையும் பொருளின் அளவாலோ வலிமையாலோ வேறுபடுத்த முயல்வதிற் பயனில்லை. விருப்பு யாரிடத்து வைக்கப்படுகின்றது என்பதே வேறுபாடு. ஆகவே தமிழாக்கத்திலும் ஒரே சொல்லால் இரண்டையும் பெயர்த்தல் பொருந்தாது. முன்னதற்கு இடத்துக்கேற்பச் ‘சோதனை’, ‘சபலம்’ என்பனவும், பின்னதற்கு ‘நயங்காட்டி இழுத்தல்’, ‘ஆசைகாட்டிப் பிரித்தல்’ என்பனவும் பெரும்பாலும் ஏற்கும். அதனினும் முக்கியமானது, ‘இழுத்தார்’ என்னும் சொல் எதிர்ப்படும்போதெல்லாம், யாரிடமிருந்து, யாருடைய முறைப்பாட்டின்பேரில், இழுக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவர் என்ன கூறுகின்றார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கமாகும். சொல்லாராய்ச்சி அவ்வினாக்களை எழுப்பக் கற்பிக்குமாயின் அது வெறும் அகராதிப் பணியாய் நின்றுவிடாது. பிரபான்சியோவின் முறைப்பாட்டைக் கேட்ட சபை தெஸ்திமோனாவையும் அழைத்தது. நாமும் தீர்ப்புக்கு முன்னர் அவளை அழைத்தல் வேண்டும்.